நல்ல டெக்னாலஜி இருந்தா போர்ல ஜெயிச்சிரலாமா? மதுரைக் கோட்டையிலேர்ந்து ட்ரோன் வரைக்கும்

"மாமா, போர் நடந்தா தான் டெக்னாலஜி வளரும்னு சொல்றாங்களே, நெசமா? நல்ல டெக்னாலஜி யார்ட்ட இருக்கோ அவங்க தான் ஜெயிப்பாங்களா? இனிமே ட்ரோன், ஏஐ எல்லாம் வந்துட்டா பட்டாளத்துல மனுசனுக்கு வேலையே இருக்காதா?"

இது என் அக்கா மகன் கேட்டது. மதுரையில இன்ஜினியரிங் படிக்கிறான், 2025 மே மாசம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தப்ப ராத்திரி பூராவும் டிவியில ட்ரோனைப் பார்த்ததுலேர்ந்து அவனுக்கு இதே யோசனை தான். எங்க டி.கல்லுப்பட்டி பக்கம் பட்டாளத்துக்கு ரெடியாகுற பசங்களும் இதையே தான் கேக்குறாங்க, அதனால எல்லாருக்கும் சேர்த்து விரிவாவே எழுதிர்றேன். நான் ஆர்மியில இஎம்இ, அதாவது பீரங்கி, ரேடார், வண்டி எல்லாத்தையும் ரிப்பேர் பார்த்து ஓட வைக்கிற பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த ஆயுதத்தப் பார்த்தாலும் அது எம்புட்டு தூரம் சுடும்ங்கிறது எனக்கு ரெண்டாவது தான், அதுக்கு ஸ்பேர் எங்கிட்டு இருந்து வருது, யாரு ஓட்டுறா, எத்தனை நாள் தாங்கும், இது தான் முதல்ல மனசுல ஓடும்.

மாப்ள, மூணு கேள்விக்கும் நான் கண்ட பதில் ஒண்ணு தான். ஆயுதம் தனியா ஒண்ணும் செய்யாது. அதைச் செய்யுற ஃபேக்டரி, அதுக்கு வர்ற குண்டு, டீசல், சாப்பாடு, அதைப் பழகுன ஆளு, சேதி கொண்டு போற வயரு, முடிவெடுக்குற மண்டை, இம்புட்டும் ஒண்ணு சேர்ந்தா தான் அது ஆயுதம், இல்லாட்டி அது வெறும் இரும்பு. இதுக்கு ஆதாரம் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்ல, நம்ம மண்ணுலயே கிடக்கு.

1746ல பிரெஞ்சுக்காரன் மெட்ராஸ இங்கிலீஷ்காரன்ட்ட இருந்து புடிச்சிட்டான். எனக்குத் தர்றேன்னு சொன்ன ஊரை நீயே வச்சுக்கிட்டியானு ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் தன் மகன் மாபூஸ் கானை சுமாரா 10,000 பேரோட அனுப்புறாரு. அக்டோபர் 24ம் தேதி அடையாறு ஆத்தங்கரையில, சாந்தோம் பக்கம், பாரடிங்கிற பிரெஞ்சு படைத் தளபதி சுமாரா ஆயிரம் பேரை வச்சுக்கிட்டு எதுக்க வர்றாரு, அதுலயும் பாதிக்கு மேல டிரெய்னிங் குடுத்த நம்மாளுக தான். ஒரே நாள்ல நவாப் படை சிதறி ஓடிருச்சு. நவாப்ட்ட பீரங்கி இல்லாம இல்ல, துப்பாக்கியும் இருந்துச்சு. ஆனா அந்தப் பழைய பெரிய பீரங்கிய ஒரு தடவ சுட்டா அடுத்த தடவ சுடுறதுக்கு கால் மணி நேரம் ஆகும், பிரெஞ்சுக்காரனோட சின்னப் பீரங்கி ஒரு நிமிஷத்துலயே ரெண்டு மூணு தடவ சுடும். அதோட வரிசையா நின்னு, ஒருத்தன் சுட இன்னொருத்தன் மருந்து கெட்டிக்க, பக்கத்துல இருக்குறவன் விழுந்தாலும் வரிசை கலையாம முன்னாடி போறது, அது நாள்கணக்கா டிரில் பண்ணிப் பண்ணி உடம்புல ஏறுற விசயம். துப்பாக்கிய காசு குடுத்து வாங்கிரலாம், அந்தப் பழக்கத்த சந்தையில வாங்க முடியாது. அன்னைக்கு அடையாத்துல நடந்தத வச்சு தான் ஒரு சின்னக் கம்பெனிப் படை பெரிய ராஜாக்களை அடிக்க முடியும்னு வெள்ளைக்காரனுக்கே தைரியம் வந்துச்சு, நம்ம வரலாறு அங்கிட்டுத் திரும்புனதுக்கு அது முக்கியமான ஒரு காரணம்னு தான் நான் நினைக்கிறேன்.

அந்த டிரில்ல வளர்ந்து வந்த ஆளு தான் நம்ம கான்சாகிபு, யூசுப் கான், ஊருக்குள்ள மருதநாயகம்னா எல்லாருக்கும் தெரியும். இங்கிலீஷ்காரனோட கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய் படைக்கே தலைமையா இருந்தவரு, மதுரைய நிர்வாகம் பண்ண வந்தவரு, 1763ல கம்பெனியையும் நவாப்பையும் எதுத்து நின்னுட்டாரு. வெள்ளைக்காரனோட வித்தை பூராவும் அவருக்குத் தெரியும், கோட்டைய பலப்படுத்தி, பீரங்கி, வெடிமருந்து எல்லாம் ஏற்பாடு பண்ணி, பிரெஞ்சுக்காரங்களையும் கூட வச்சிருந்தாரு. 1763ல முற்றுகை போட்டவங்க மழை வந்ததும் திரும்பிப் போயிட்டாங்க. அடுத்த வருசம் மேஜர் கேம்பெல் வந்தாரு, பீரங்கி வச்சு சுவத்த இடிச்சு 1764 ஜூன் 26ம் தேதி நேரடியா ஏறுனாங்க, செத்த பேரை விட்டுட்டு பின்வாங்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் தான் கேம்பெல் பாதைய மாத்துறாரு, சுத்திப் படைய நிறுத்தி உள்ள ஒரு மூட்டை அரிசி போகாம அடைச்சிட்டாரு. மூணு மாசத்துக்கு மேல அப்படியே போச்சு, உள்ள பசி, அந்தப் பசியில ஆளுகளுக்குள்ள பிளவு, கடைசியில கூட இருந்தவங்களே, அதுல மார்ஷாங்கிற பிரெஞ்சு அதிகாரியும் ஒருத்தரு, அக்டோபர் 13ம் தேதி அவரைப் புடிச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க, 15ம் தேதி சம்மட்டிபுரம் பக்கம் தூக்குல போட்டாங்க. அந்தக் காலத்துல கிடைச்ச நல்ல பீரங்கிய எல்லாம் வச்சு முடியாதத சோத்த அடைச்சு முடிச்சாங்க. கான்சா மேட்டுத் தெருவுல நடக்குறப்ப எல்லாம் எனக்கு இது தான் ஞாபகம் வரும். அந்தக் கோட்டையவும் அப்புறம் 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் இடிச்சு அகழிய தூத்தாரு, நாலு வெளி வீதியும் அப்படி வந்தது தான், அவரு ஞாபகமா வச்சது தான் கீழமாசி வீதியில இருக்குற விளக்குத்தூண். ஊர்ல சத்தமே இல்லாம ஆனதுக்கப்புறம் மக்களுக்கு இடம் வேணும்னு கோட்டைய இடிச்சாங்க, எதிரி இடிச்சது கம்மி தான்.

பாஞ்சாலங்குறிச்சியும் இதே பாடம் தான், ஆனா வேற பக்கத்துலேர்ந்து. மண் கோட்டை, பார்க்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. 1799 செப்டம்பர்ல கம்பெனியோட மேஜர் பானர்மேன் அடிச்சுப் பார்த்து உள்ள போக முடியல. கட்டபொம்மனைக் கயத்தாத்துல தூக்குல போட்டு, கோட்டையத் தரைமட்டமாக்குன பிறகும் 1801 பிப்ரவரியில ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்து கொஞ்ச நாள்லயே அதே எடத்துல திரும்பக் கோட்டை எழுப்பிட்டாரு. மார்ச் கடைசியில கம்பெனி படை ஏறி அடி வாங்கித் திரும்புச்சு. கல்லுச் சுவரா இருந்தா குண்டு பட்டா விரியும், சரியும், கெட்டி மண்ணு குண்ட உள்ள வாங்கிக்கும். அதனால பெரிய பீரங்கியும் கூடுதல் படையும் வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் காத்துக் கிடந்து மே 24ம் தேதி தான் உள்ள போனாங்க. கம்பெனிக்கு அப்படிக் காத்திருக்க முடிஞ்சது, காத்திருக்குற படைக்குச் சம்பளமும் சோறும் போட முடிஞ்சது, அது தான் அவங்க பலம். மருது சகோதரர்கள் கிட்டயோ ஊமைத்துரை கிட்டயோ தைரியத்துக்குக் குறைவே இல்ல, பின்னாடி நின்னு குடுக்க ஒரு கஜானா இல்ல, அத நினைச்சா இன்னைக்கும் மனசு வலிக்கும்.

மைசூர் ராக்கெட்டப் பத்தி எல்லாரும் பெருமையா பேசுவாங்க, பேசலாம், இரும்புக் குழாய்ல மருந்தடைச்சு அம்புட்டு தூரம் விட்டது உலகத்துலயே அவங்க தான். 1780ல பொள்ளிலூர்ல, நம்ம காஞ்சிபுரம் பக்கம், கம்பெனியோட மருந்து வண்டி வெடிச்சு படையே அழிஞ்சது. ஆனா திப்பு விழுந்ததும் அந்த ராக்கெட்டு இங்கிலாந்து போச்சு, காங்ரீவ் அத ஆராய்ச்சி பண்ணி, அளவு வச்சு, ஆயிரக்கணக்குல செய்யுற மாதிரி ஆக்கி, சில வருசத்துலயே ஐரோப்பா, அமெரிக்கானு பல எடத்துல பயன்படுத்துனாங்க. கண்டுபுடிச்சது ஒரு ஊரு, அத ஃபேக்டரியாக்குனது இன்னொரு ஊரு, பலன் ஃபேக்டரிக்காரனுக்குப் போச்சு.

அடுத்தது மெஷின் கன். ஹிராம் மாக்சிம் 1884 வாக்குல செஞ்சது, சுடுற வேகத்துல அதுவே அடுத்த குண்ட ஏத்திக்கும், நிமிஷத்துக்கு 500, 600 குண்டு. 1898 செப்டம்பர் 2ம் தேதி சூடான்ல ஓம்டர்மான்ங்கிற எடத்துல மாக்சிம் கன்னும் புது ரைஃபிளும் பீரங்கியும் வச்சு பிரிட்டிஷ்-எகிப்து படை ஒரு காலை நேரத்துல 10,000 பேருக்கு மேல கொன்னுச்சு, அவங்க பக்கம் செத்தது 50 பேருக்கும் கீழ. இதப் பார்த்து தான் டெக்னாலஜி இருந்தா ஜெயிச்சிரலாம்னு பிரிட்டிஷ் ஆளுகளும் நம்புனாங்க. பதினெட்டு வருசம் கழிச்சு 1916 ஜூலை 1, பிரான்ஸ்ல சோம் ஆத்துப் பக்கம், இந்தத் தடவ அதே மாக்சிம் டிசைன் கன்னு ஜெர்மன்காரன் கையில. ஒரே நாள்ல பிரிட்டிஷ் பக்கம் 57,470 பேரு அடிபட்டாங்க, அதுல 19,240 பேரு செத்தவங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாரமா 15 லட்சம் குண்டு போட்டாங்க, ஜெர்மன் முள்ளுக்கம்பி வேலி அறுந்துரும், ஆளுக செத்துருவானுகனு கணக்குப் போட்டாங்க. ஆனா 1915லயே குண்டு பத்தலனு ஊரே சத்தம் போட்டு, அவசர அவசரமா ஃபேக்டரிய பெருக்கினாங்க, அப்படிச் செஞ்ச குண்டுல நெறய வெடிக்கவே இல்ல, போட்டதுலயும் பாதிக்கு மேல ஆழமான குழிய உடைக்குற வகை இல்ல. ஜெர்மன்காரன் ஆழக் குழி தோண்டி உள்ள இருந்தான், குண்டு நின்னதும் மேல வந்து கன்ன வச்சுக்கிட்டான். அந்த முள்ளுக்கம்பியே அமெரிக்காவுல மாடு வயலுக்குள்ள போகாம இருக்க 1874ல பேட்டன்ட் எடுத்த சாமான். குண்ட வெடிக்க வைக்கிற ஒரு ஃபியூஸ் சரியா இறுக்காததுக்கு ஆயிரக்கணக்கான வீட்டுப் பிள்ளைக விலை குடுத்துருக்கு, இஎம்இ ஆளா எனக்கு அந்த நாள் வரலாறு படிக்கவே கை நடுங்கும்.

இனி, போரு தான் டெக்னாலஜிய வளர்க்குதாங்கிறது. இதுல பாதி தான் உண்மை, அந்தப் பாதியையும் நிதானமா பார்க்கணும். வயலுக்குப் போடுற யூரியாவ எடுத்துக்க. அதுக்கு மூலம் அம்மோனியா, காத்துல இருக்குற நைட்ரஜன்ல இருந்து அம்மோனியா செய்யலாம்னு ஜெர்மனியில ஃபிரிட்ஸ் ஹேபர் 1909ல காட்டுனாரு, கார்ல் போஷ் அத ஃபேக்டரியாக்கி 1913ல ஓப்பாவுல ஓட விட்டாரு. ரெண்டும் நடந்தது சமாதான காலத்துல, உரத்துக்காக. அடுத்த வருசம் போரு வந்துச்சு, வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட் தென் அமெரிக்காவுல சிலியில இருந்து வரணும், கடல பிரிட்டிஷ்காரன் அடைச்சிட்டான். ஹேபர்-போஷ் முறை மட்டும் இல்லாட்டி ஜெர்மனி சீக்கிரமே குண்டு இல்லாம உக்காந்திருக்கும். அந்த அவசரத்துல தான் லாய்னாவுல பெரிய ஃபேக்டரி கட்டுனாங்க, 1917ல ஓட ஆரம்பிச்சது. ஆக போரு கண்டுபுடிக்கல, கண்டுபுடிச்சத ஏகப்பட்ட காசு கொட்டி பெருசாக்குச்சு. அதே ஹேபர் தான் 1915 ஏப்ரல் 22ம் தேதி பெல்ஜியத்துல ஈப்ரு பக்கம் 5,000க்கும் மேல சிலிண்டர் வச்சு குளோரின் வாயுவ காத்துல விட முன்ன நின்னாரு, நெஞ்சு எரிஞ்சு மூச்சு முட்டி ஆளுக செத்தாங்க. பத்து நாள்ல அவரு மனைவி கிளாரா, அவங்களும் கெமிஸ்ட்ரியில டாக்டர் பட்டம் வாங்குனவங்க, அவரோட துப்பாக்கியிலயே உயிர விட்டாங்க. 1918க்கான நோபல் பரிசு அந்த அம்மோனியாவுக்கு ஹேபருக்குக் கிடைச்சது. தூத்துக்குடி ஸ்பிக் ஃபேக்டரியில செஞ்ச யூரியா மூட்டைய நம்ம வாடிப்பட்டி, மேலூர் பக்கம் வயல்ல பிரிக்குறப்ப அந்த மனுசனோட ரெண்டு கையும் அதுல இருக்கு.

பென்சிலினும் அப்படித்தான். 1928ல ஃபிளெமிங் பார்த்தாரு, 1940ல ஆக்ஸ்ஃபோர்டுல ஃபுளோரி, செயின் குழு எலியில சோதிச்சாங்க, அமெரிக்காவுல பியோரியாங்கிற ஊர் சந்தையில கிடைச்ச ஒரு கிர்ணிப் பழத்துப் பூசணம் தான் நெறய மருந்து குடுத்துச்சு, 1944 நார்மண்டி இறங்குறதுக்குள்ள லட்சக்கணக்குல டோஸ் ரெடி. ஜெட் இன்ஜினுக்கு விட்டில் 1930லயே பேட்டன்ட் எடுத்தாச்சு. அணுவப் பிளக்குறது 1938 டிசம்பர்ல பெர்லின் ஆய்வகத்துல தெரிஞ்சது. ட்ரோன மட்டும் பார்த்தாலும், அதுல இருக்குற சின்ன கேமரா, லித்தியம் பேட்டரி, திசை சொல்ற சென்சார் எல்லாம் நம்ம செல்ஃபோனுக்காகப் பெருகி விலை இறங்குன சாமான் தான். போரு அவசரத்தையும் காசையும் குடுக்கும், கேள்வி கேக்காம குடுக்கும், அம்புட்டு தான்.

போரு கெடுத்த கணக்க யாரும் எழுதுறதில்ல. ஹென்றி மோஸ்லினு ஒரு இங்கிலீஷ் பையன், எக்ஸ்ரே வச்சு ஒவ்வொரு தனிமத்துக்கும் அணு எண் இது தான்னு அடிச்சுச் சொன்னவன், நீ ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண பீரியாடிக் டேபிள் வரிசைக்கு அடிப்படையே அது தான். 1915 ஆகஸ்ட் 10ம் தேதி துருக்கி பக்கம் கலிப்பொலி சண்டையில சிக்னல் அதிகாரியா நின்னப்ப தலையில குண்டு பட்டுச் செத்தான், வயசு 27. அவன் இருந்திருந்தா என்னென்ன வந்திருக்கும், அத எந்தக் கணக்குல வைப்ப? நம்ம பக்கத்துக்கே வா. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு எத்தனையோ ஊர்ல இருந்து மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போன குடும்பங்க இருக்கு. 1942, 43ல ஜப்பான்காரன் தாய்லாந்துல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டான், காட்டுக்குள்ள, மலையக் குடைஞ்சு, ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் மேல. இன்ஜினியரிங்கா பார்த்தா பெரிய காரியம். அதுல செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்கு, 12,000 பேருக்கு மேல, காஞ்சனபுரி மாதிரி எடங்கள்ல பேரு வெட்டுன கல்லறை இருக்கு. அவங்கள விடப் பல மடங்கு செத்தது ஆசியக் கூலிகள், அதுல மலேயாத் தமிழங்க ரொம்ப அதிகம், அவங்களுக்குப் பேரு கூட எழுதி வைக்கல. போரால வளர்ந்த டெக்னாலஜினு யாராவது பட்டியல் போட்டா இதையும் சேர்த்து எழுதச் சொல்லு.

இப்ப ரேடார், இது என் பொழப்பு, கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். 1940ல இங்கிலாந்த ஜெர்மன் விமானப்படை அடிச்சப்ப ரேடார் தான் காப்பாத்துச்சுனு சொல்வாங்க. ஆனா அப்ப ஜெர்மன்காரன் செஞ்ச ரேடாரு நுணுக்கத்துல அதை விட ஒசத்தி. வித்தியாசம் எங்க இருந்துச்சுனா, டவ்டிங்னு ஒரு தளபதி, கடற்கரை ரேடாரு சொல்ற சேதியும், மேட்டுல பைனாகுலரோட நிக்கிற ஆளு சொல்ற சேதியும் பூமிக்கடியில பதிச்ச டெலிஃபோன் வயர்ல ஒரு ரூமுக்கு வந்து, அங்க அதைச் சலிச்சு, பெரிய மேப் மேசையில பொண்ணுக கட்டையத் தள்ளித் தள்ளிக் காட்டி, அடுத்த சில நிமிஷத்துல எந்த ஸ்குவாட்ரன் கிளம்பணும்னு உத்தரவு போற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாரு. ரேடாரு அதுல ஒரு கண்ணு மட்டும் தான்.

நான் வேலை பார்த்தது எல்-70னு ஒரு விமான எதிர்ப்பு பீரங்கியில, ஸ்வீடன் போஃபர்ஸ் கம்பெனியோட டிசைன், 40 மில்லிமீட்டர், நிமிஷத்துக்கு 240ல இருந்து 300 குண்டு. தனியா ரேடார் வண்டி ஒண்ணு நிக்கும், அதுல இருந்து தடி தடியா கேபிள் கன்னுக்குப் போகும், விமானம் எங்கிட்டு வருதுனு ரேடாரு சொல்ல கன்னு தானாத் திரும்பும். பார்க்க அம்புட்டு அழகா இருக்கும். ஆனா மழைக்காலத்துல அந்த கேபிள் கனெக்டர்ல ஒரே ஒரு பின் பச்சை புடிச்சா போதும், ரேடாரு ஒரு பக்கம் பார்க்கும், கன்னு இன்னொரு பக்கம் பார்க்கும். காலையில ஜெனரேட்டர் போட்டு, ஒவ்வொரு கனெக்டரா கழட்டி, ஸ்பிரிட்ல பிரஷ்ஷ தொட்டுத் தேய்ச்சு, காய வச்சு, திருப்பி மாட்டி, கன்ன ஒரு சுத்து சுத்த விட்டுப் பார்த்து, அப்புறம் தான் டீயே. கோடிக்கணக்குல விலை போட்டு வாங்குனது வேலை செய்யணும்னா அந்தப் பிரஷ்ஷும் அதப் புடிக்கத் தெரிஞ்ச கையும் வேணும், அதை எந்த விளம்பரப் படத்துலயும் காட்ட மாட்டான்.

1965 போர்ல அசல் உத்தர் நடந்தது இந்தியப் பட்டாளத்துல ஒவ்வொரு ரெக்ரூட்டுக்கும் சொல்லித்தர்ற கதை. பாகிஸ்தான்ட்ட அமெரிக்கா குடுத்த பேட்டன் டாங்க், அந்தக் காலத்துல நம்மகிட்ட இருந்ததுல பலதும் அதுக்கு முன்னாடி நிக்க முடியாது, பழைய ஷெர்மன் எல்லாம் வச்சிருந்தோம், செஞ்சூரியன் மட்டும் ஓரளவு தேவலாம். பஞ்சாப் கேம்கரண்ல நம்மாளுக பின்வாங்கி லாட வடிவத்துல உக்காந்துக்கிட்டு, ராத்திரியில கால்வாய ஒடைச்சு வயலுக்குள்ள தண்ணிய விட்டுட்டாங்க. சுத்திலும் ஆள் உயரக் கரும்பு, அதுக்குள்ள நம்ம டாங்கும் ஜீப்பும் மறைஞ்சு நிக்குது. தண்ணி கட்டுன வயல்ல செருப்பு மாட்டுன காலு மாதிரி அந்த 45 டன் பேட்டன் புதைய ஆரம்பிச்சது, ஓரத்துல திரும்பினா பக்கவாட்டு தெரியுது, பக்கவாட்டுல தகடு மெல்லிசு. ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்புல கட்டுன 106 மில்லிமீட்டர் ஆர்சிஎல் கன்ன வச்சுக்கிட்டு கரும்புக்குள்ள இருந்து ஒண்ணு ஒண்ணா அடிச்சாரு, செப்டம்பர் 10ம் தேதி அங்கயே உயிரக் குடுத்தாரு, பரம்வீர் சக்ரா. மூணு நாள்ல பாகிஸ்தான் விட்டுட்டுப் போன, அழிஞ்ச டாங்கு நூத்துக்குக் கொஞ்சம் கம்மி. பேட்டன்ல தூரம் அளக்குற கருவி ரொம்ப நுணுக்கமானது, அதப் பழக அந்த ஆளுகளுக்குப் போதுமான டிரெய்னிங் இல்லனும் அப்புறம் ஆராஞ்சவங்க எழுதிருக்காங்க. சாமான் அமெரிக்காவுல இருந்து வந்திருச்சு, பழக்கம் வரல. அடையாத்துல நடந்தது தான் இங்கயும்.

கார்கில்ல போஃபர்ஸ் பீரங்கியும், 1999 ஜூன்ல மிராஜ் விமானம் டைகர் ஹில் மேல போட்ட லேசர் குண்டும் பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனா அந்தச் சரிவுல கயிறப் புடிச்சு ராத்திரியில ஏறுனது காலாட்படைப் பசங்க, அவங்களுக்கு டெக்னாலஜி பாதையத் திறந்து விட்டுச்சு, உச்சிக்குப் போனது காலு.

துல்லியமா அடிக்கிற ஆயுதம் வந்தா சாவு குறையும்னு ஒரு பேச்சு இருக்கு. 2009ல முள்ளிவாய்க்கால் மேல ஆளில்லா விமானம் பறந்து படம் எடுத்துக்கிட்டு தான் இருந்துச்சு. கீழ எம்புட்டு சனம், எங்க ஆஸ்பத்திரி, எல்லாம் மேல இருந்து தெரியும். ஐநா நிபுணர் குழு 2011 அறிக்கையில 40,000 வரைக்கும் பொதுமக்கள் செத்திருக்கலாம்ங்கிறத ஒதுக்கித் தள்ள முடியாதுனு எழுதுச்சு. பார்க்க முடியுறதும் பார்த்து நிறுத்துறதும் ஒண்ணு இல்ல மாப்ள, கேமரா கருணையக் கொண்டு வராது.

சரி ட்ரோனுக்கு வர்றேன். 2020ல அசர்பைஜான் துருக்கியோட டிபி2 ட்ரோன வச்சு ஆர்மீனியா டாங்குகள அடிச்சு நொறுக்குனதும் உலகம் பூராவும் டாங்க் காலம் முடிஞ்சதுனு எழுதுனாங்க. 2022ல உக்ரைன்லயும் ஆரம்பத்துல அதே டிபி2 தான் ஹீரோ, சில மாசத்துல ரஷ்யாக்காரன் விமான எதிர்ப்ப ஒழுங்கு பண்ணதும் அது முன்வரிசையில அரிதாப் போச்சு. அந்த எடத்துக்கு கையில தூக்குற எஃப்பிவி ட்ரோன், அதாவது ட்ரோன் கேமரா காட்டுறதயே கண்ணுல மாட்டிப் பார்த்து ஓட்டுறது, வந்துச்சு, அதுக்கு ரேடியோ சிக்னலக் கெடுக்குற ஜாமர் வந்துச்சு, ஜாமருக்கு ரேடியோவே வேணாம்னு கிலோமீட்டர் கணக்குல மெல்லிசு ஃபைபர் இழையப் பின்னாடி அவுத்துக்கிட்டே பறக்குற ட்ரோன் வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் மவுசு கொஞ்ச மாசம் தான். யாரு சீக்கிரமாக் கத்துக்கிட்டு மாத்திச் செஞ்சு முன்வரிசைக்குக் கொண்டு போறானோ அவன் நிக்கிறான். நீ இன்ஜினியரிங் படிக்கிறவன், இந்த மாத்துற வேகத்தக் கவனி, ட்ரோன விட அது முக்கியம்.

இதுல விலையும் இருக்கு. ஈரான் ஷாஹெத் மாதிரி ட்ரோன் ஒண்ணு சில பத்தாயிரம் டாலருனு கணக்குச் சொல்றாங்க, அத விழுத்துற பேட்ரியட் ஏவுகணை ஒண்ணு பல லட்சம் டாலரு. இப்படி அடிச்சா யாரு கஜானா முதல்ல காலியாகும்னு சொல்லத் தேவையில்ல. 2025 மே மாசம் பாகிஸ்தான் கூட்டங்கூட்டமா ட்ரோன் அனுப்புனப்ப எஸ்-400, ஆகாஷ்னு விமான எதிர்ப்பு ஏவுகணை எல்லாம் பேரு வாங்குச்சு, அதோட கூட நம்ம பழைய எல்-70யும் ஓடி ஓடி அடிச்சது, அதுக்குக் குண்டு மலிவு. எழுபது வருசத்துக்கு முந்துன டிசைன், பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அதுக்குப் புதுசா எலக்ட்ரிக் மோட்டார், கேமரா, தானா குறி புடிக்கிற சாதனம் எல்லாம் போட்டுக் குடுத்திருந்துச்சு. அந்த நியூஸப் பார்த்த ராத்திரி நான் தூங்கவே இல்ல, அம்புட்டு சந்தோசம். ஐரோப்பாக்காரங்க 2024 மார்ச்சுக்குள்ள உக்ரைனுக்குப் பத்து லட்சம் பீரங்கிக் குண்டு தர்றோம்னு சொல்லி, கெடு வந்தப்ப பாதி தான் ஒப்பேத்துனாங்க, 1915ல குண்டு பத்தாம தவிச்ச அதே கதை. நம்ம அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியும் திருச்சி துப்பாக்கி ஃபேக்டரியும் ஏன் முக்கியம்னு இதுல இருந்தே புரிஞ்சிக்க.

கடைசியா ஏஐ, மனுசன் வேணாமாங்கிறது. மூணு சம்பவம் சொல்றேன். 1983 செப்டம்பர் 26, சோவியத் எச்சரிக்கை மையத்துல ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ்ங்கிற அதிகாரி டூட்டியில இருக்காரு, அமெரிக்கா அஞ்சு ஏவுகணை விட்டிருச்சுனு சிஸ்டம் சிவப்பா அடிக்குது. உண்மையில மேகத்து மேல பட்ட வெயில சேட்டிலைட்டு தப்பாப் புரிஞ்சிருக்கு. யாராவது போரை அஞ்சே ஏவுகணையில ஆரம்பிப்பானானு யோசிச்சு, இது பொய் எச்சரிக்கைனு மேல சொல்லிட்டாரு. இங்க மெஷின் தப்பு, மனுசன் சரி. 1988 ஜூலை 3, பாரசீக வளைகுடாவுல வின்சென்ஸ்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல், ரேடாரையும் ஏவுகணையையும் கம்ப்யூட்டரால சேர்க்குற, அந்தக் காலத்துலயே ஒசந்த ஏஜிஸ் சிஸ்டம் அதுல இருந்தது, துபாய்க்குப் போன ஈரான் பயணிகள் விமானத்தப் போர் விமானம்னு நினைச்சு சுட்டு 290 பேரக் கொன்னுச்சு. விமானம் மேல ஏறுதுனு கம்ப்யூட்டர் சரியாத் தான் பதிவு பண்ணிருக்கு, பதட்டத்துல இருந்த ஆளுக அது நம்மள நோக்கி இறங்குதுனு கத்துனாங்க. இங்க மெஷின் சரி, மனுசன் தப்பு. அதனால மனுசன் இருந்தா போதும், எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்ல வரல. பழகுன ஆளு வேணும், அதோட அவனுக்கு யோசிக்க நேரம் வேணும்.

மூணாவது நம்ம வீட்டுக் கதை. 2022 மார்ச் 9ம் தேதி நம்ம பிரம்மோஸ் ஏவுகணை ஒண்ணு தவறுதலாக் கிளம்பி பாகிஸ்தானுக்குள்ள 124 கிலோமீட்டர் போய் மியான் சன்னுங்கிற ஊர்ப் பக்கம் விழுந்துச்சு. முனையில வெடிமருந்து இல்ல, யாரும் சாகல. நம்ம சர்க்கார் தப்பு நடந்திருச்சுனு ஒத்துக்கிட்டு, விசாரிச்சு விமானப்படை அதிகாரிங்க மூணு பேரை வேலையில இருந்து நீக்குச்சு. சத்தத்த விட மூணு மடங்கு வேகத்துக்குக் கிட்ட போற சாமான், எல்லை தாண்டி விழ நாலு நிமிஷம் கூட ஆகல. அந்த நாலு நிமிஷத்துல அந்தப் பக்கம் ரேடார் ரூம்ல உக்காந்திருந்தவங்க அதப் பார்த்துக்கிட்டு தான் இருந்தாங்க, திருப்பி எதையும் விடல. ரெண்டு நாட்டுலயும் அணுகுண்டு இருக்கு. அந்த ரூம்ல ஆளுக்குப் பதிலா, வந்தா உடனே திருப்பி அடினு எழுதி வச்ச ஒரு புரோகிராம் உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நீயே யோசி. பட்டாளத்துல மனுசனுக்கு வேலை இருக்குமானு கேட்டியே மாப்ள, அந்த ரூம்ல உக்காருற வேலை இருக்கு, அதுக்கு இன்ஜினியரிங் தெரிஞ்சவன் தான் வேணும்.